சிரிக்க வைக்கும் கால இயந்திரம்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேசுகிறார் என்றால், ஒழுக்கம், நேரந்தவறாமை, நூலகத்தின் பயன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நானோ இன்று ஒரு சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் கோடிகளைக் கொட்டி எடுத்த காவியப் படமன்று. சிறு பொருளில், புது இயக்குநர் ஒருவர் எடுத்த சிரிப்புப் படம். காலத்தில் முன்னும் பின்னும் சென்று வரவல்ல இயந்திரம் ஒன்று, வேலையற்ற இளைஞர் இருவர் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதே அதன் கதை. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? அந்த வேடிக்கைக்குள்ளே மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் சில மறைந்திருக்கின்றன. அவற்றை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

காலத்தைக் கடந்து செல்ல வேண்டும் என்னும் ஆசை மனித இனத்திற்குப் புதிதன்று. நம் புராணத்தில் ககுத்மி என்றொரு மன்னன் வருகிறான். தன் மகள் ரேவதிக்குத் தக்க மணமகன் யார் என்று கேட்டறிய, அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மனுடைய உலகத்திற்குச் செல்கிறான். அங்கே இசை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும் வரையில் காத்திருந்து, பிறகு தன் வேண்டுகோளைத் தெரிவிக்கிறான். பிரம்மன் நகைக்கிறான். ‘நீ காத்திருந்த இச்சிறு பொழுதில் பூவுலகில் யுகங்கள் பல கழிந்துவிட்டன, நீ மனத்தில் எண்ணி வந்த மன்னர்களும் இல்லை, அவர்கள் பேரர்களும் இல்லை’ என்னும் பொருள்பட விடை கூறுகிறான். மன்னன் திரும்பி வந்து பார்த்தால் மக்கள் உருவத்திலும் ஆற்றலிலும் குறுகிப் போயிருக்கிறார்கள். முடிவில் ரேவதி பலராமனுக்கு மனைவியாகிறாள்.

இக்கதையில் ககுத்மி எதிர்காலத்திற்குச் செல்கிறானே ஒழிய, இறந்த காலத்திற்குத் திரும்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

மேனாட்டில் இவ்வாசை இரண்டு வடிவம் கொண்டது. 1889-ஆம் ஆண்டில் மார்க் ட்வைன் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஒரு நாவல் வெளியிட்டார். அவர் காலத்து அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் மண்டையில் அடிபட்டு மயங்கி விழுகிறான். கண்விழிக்கும்போது ஆறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்தர் மன்னனுடைய நாட்டில் கிடக்கிறான். அவனைக் கொல்லத் தீர்ப்பாகிறது. அந்நாளில் சூரிய கிரகணம் நிகழும் என்பது அவனுக்குத் தெரியும். ‘சூரியனை மறைத்துவிடுவேன்’ என்று அச்சுறுத்தி உயிர் தப்புகிறான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1895-இல், ஆங்கில எழுத்தாளர் வெல்ஸ் தம் கால இயந்திரக் கதையை வெளியிட்டார். மயக்கமோ மந்திரமோ இன்றி, கைப்பிடிகள் பொருத்திய ஒரு பொறியில் ஏறி அமர்ந்து எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் செல்கிறான் அவர் கதைத்தலைவன். ட்வைன் சிரிப்பைத் தந்தார்; வெல்ஸ் இயந்திரத்தைத் தந்தார். பிற்காலத்தில் வந்த காலப் பயணச் சிரிப்புக் கதைகள் யாவும் இவ்விருவருக்கும் பிறந்த பிள்ளைகள் எனலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றாலே பெரும்பொருள் வேண்டும் என்பர். அப்பொருள் அந்நாளில் நம்மவரிடம் இருந்ததில்லை. ஆயினும் ஆசை இருந்தது. 1952-ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் ஓர் அமெரிக்க நிறுவனத்துடன் கூடிக் காட்டுப் படம் ஒன்று எடுத்தனர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே அழிந்துபோன மம்மத் என்னும் சடையானைகள் நம் காட்டில் இன்னும் உயிரோடு உலவுவதாகக் கதை. சடையானைக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளின்மேல் சடை மயிரைப் போர்த்திச் சடையானையாக்கினார்கள்! அந்நாளில் எங்கள் சிங்காரப்பேட்டையும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். 1963-இல் ‘கலை அரசி’ வந்தது. வேற்றுக்கோளில் வாழ்பவர்கள், தங்கள் உலகில் கலை இல்லாக் குறையைத் தீர்க்க, பூவுலகிலிருந்து பாடவல்ல பெண் ஒருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள், எம்.ஜி.ஆர். அவளை மீட்கிறார். மனிதன் நிலவில் கால்வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் திரைப்படம் வேற்றுக்கோளுக்குப் போய்த் திரும்பிவிட்டது. போன காரணம் பாட்டு என்பதுதான் நம்மவருக்கே உரிய சிறப்பு.

காலப் பயணத்தைப் பொறுத்தவரையில், தென்னாட்டில் முதலில் பெயர் பெற்றது 1991-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் தெலுங்கில் இயக்கிய ‘ஆதித்யா 369’. கிருஷ்ணதேவராயர் காலத்து விஜயநகரத்திற்கும் பின்னர் இருபத்தாறாம் நூற்றாண்டிற்கும் அதில் இயந்திரம் சென்று வருகிறது. இசை நம் இளையராஜா. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்ற ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியினருக்கு அது அயல்மொழிப் படமாகத் தோன்றியிருக்காது.

தமிழில் இத்துறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ என்னும் படமாகும். ஆர். ரவிக்குமார் என்னும் இயக்குநருக்கு அது முதற்படம். ‘அட்டகத்தி’, ‘பீட்சா’ முதலிய சிறு படங்களின் வாயிலாகப் புதிய இயக்குநர்களுக்கு வாய்ப்பளித்த சி. வி. குமார் அதன் தயாரிப்பாளருள் ஒருவர். 2065-ஆம் ஆண்டில் ஒரு விஞ்ஞானி கால இயந்திரத்தைப் படைத்து, அதனை ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கி அனுப்புகிறார். அது திரும்பவில்லை. 2015-ஆம் ஆண்டில், யாரிடமும் கைகட்டி வேலை செய்ய மாட்டேன், சொந்தத் தொழில்தான் செய்வேன் என்று சொல்லித் திரியும் இளங்கோ என்பவனும், ஜோதிடம் சொல்வதாக ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் புலிவெட்டி ஆறுமுகம் என்பவனும் அதனைக் கண்டெடுக்கிறார்கள்.

மாணவர்களே, உங்களிடம் அப்படி ஓர் இயந்திரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? இராசராசன் பெரிய கோயில் எடுத்ததைப் பார்த்து வருவீர்களா? மறைந்த சங்க நூல்களின் ஏட்டைத் தேடிச் செல்வீர்களா? நம் கதைத்தலைவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜோதிட நிலையம் வைத்தார்கள்! நகையைத் தொலைத்தேன், பொருளைக் களவு கொடுத்தேன் என்று வருவோரிடம், அது தொலைந்த நாளும் நேரமும் கேட்டுக்கொள்வது; இயந்திரத்தில் ஏறி அந்த நேரத்திற்குச் சென்று, யார் எடுத்தார், எங்கே விழுந்தது என்று பார்த்து வருவது; பிறகு கண்ணை மூடி ஞானதிருஷ்டியில் கண்டதுபோலச் சொல்வது. பணம் குவிகிறது, ஜோதிடரின் புகழ் ஊரெங்கும் பரவுகிறது. ட்வைனின் கதைத்தலைவன் கிரகணத்தைக் காட்டி மந்திரவாதியாக நடித்தான் என்று முன்னே சொன்னேன். ஆறுமுகம் அவனுடைய தமிழ்நாட்டுத் தம்பி.

திரையரங்கில் மக்கள் இக்காட்சிகளுக்கு வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியபின் அதற்குரிய காரணத்தை எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள அறிவின் விளைவு ஒன்று கையில் இருக்கிறது. அதனைக் கொண்டு எழுப்பப்படுவதோ மூடநம்பிக்கை. இயந்திரத்தை இயக்க அவர்களுக்குத் தெரியும்; அஃது எவ்வாறு இயங்குகிறது என்பது தெரியாது; தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. கலைவாணர் கிருஷ்ணன் வழியில் வந்த நகைச்சுவை இது. அறிவுரை கூறாமல், சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு யாரைக் குறித்தது என்று பிறகு நம்மையே நினைக்க வைப்பது.

இரண்டாவது செய்தி இன்னும் ஆழமானது. ஒரு பயணத்தின்போது, காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாகியிருந்த கொடியவன் ஒருவன், இவர்கள் அறியாமல் செய்த சிறு இடையூற்றினால் உயிர் பிழைத்துக்கொள்கிறான். செத்தவன் நடமாடத் தொடங்குகிறான். அவனால் இவர்களுடைய நிகழ்காலமே நிலைகுலைகிறது. வேண்டுமென்று செய்ததன்று. பார்த்துவிட்டு வருவதற்காகத்தான் போனார்கள். ஆனால் இருந்த இடத்தில் இருந்தாலே போதும், ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது என்பதை அப்படம் விளையாட்டாகவே காட்டிவிடுகிறது.

இதற்கு அடுத்த ஆண்டு, 2016-இல், ‘24’ என்னும் படம் வந்தது. அதில் காலத்தைத் திருப்புவது ஒரு கைக்கடிகாரம். அது பெரும்பொருளில் எடுக்கப்பட்ட படம். 2023-இல் வந்த ‘மார்க் ஆண்டனி’யில் பழைய தொலைபேசிக் கருவியே கால இயந்திரமாகிவிட்டது, இறந்த காலத்தோடு அதில் பேசலாம், கூத்தும் கேலியும் அளவு கடந்தவை. ஆக, நம்மவர் இத்துறையை விட்டுவிடவில்லை.

‘இவற்றிலே விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? தகரப்பெட்டியும் வண்ண விளக்கும் வைத்துக் குழந்தைகளை ஏமாற்றுகிறார்கள்’ என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் உளர். அவர்களுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெருக்கூத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்து நடப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே அரண்மனை உண்டா? இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு துணிதான் திரை. கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டினால் அதுதான் துரியோதனன் மணிமுடி. களரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தால் அத்தினாபுரத்திலிருந்து வனத்திற்குப் போய்ச் சேர்ந்ததாகப் பொருள். பார்ப்பவர் யாரும் ஏமாறவில்லை. ‘அவ்வாறே ஆகுக’ என்று மனமொப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். விடியற்காலையில் அபிமன்யு விழும்போது அழுகிறவர்களும் அவர்கள்தாம்.

அந்தக் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருகிறானே, அவன் யார்? மணிமுடி சூடிய துரியோதனனுக்கு வணக்கம் சொல்லி வரவேற்பவனும் அவனே. அடுத்த நொடியில் அம்மன்னனிடமே, ‘உங்கள் ஊர்வலத்தினால் ஊத்தங்கரைப் பேருந்து ஒருமணி நேரம் தாமதம், மகாராஜா!’ என்று முறையிடுபவனும் அவனே. ஒரு கால் துவாபர யுகத்தில், ஒரு கால் நம் தெருவில். எந்த இயந்திரமும் இன்றி யுகம் தாண்டுகிறவன் அவன். அவன் தாண்டும்போதெல்லாம் ஊர் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பினூடே, மன்னனைக் கேட்கத் துணியாத கேள்விகளெல்லாம் கேட்கப்பட்டுவிடுகின்றன. சிறு பொருளில் எடுக்கும் காலப் பயணச் சிரிப்புப் படம், கட்டியங்காரன் மரபில் வந்ததென்றே நான் கருதுகிறேன்.

கூத்து, தான் கூத்து என்பதை மறைப்பதில்லை. அதுவே அதன் நேர்மை. இன்று கைப்பேசியில் பரவும் செய்திகள் சிலவற்றுக்கு அந்த நேர்மைகூட இல்லை. ககுத்மியின் கதையைக் காட்டி, ‘ஐன்ஸ்டீன் கண்ட உண்மையை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள்’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். மாணவர்களே, நம் முன்னோர் கற்பனையின் வீச்சை எண்ணிப் பெருமைப்படுங்கள். அஃது உரிய பெருமையே. ஆனால் கற்பனை ஓரிடத்தைத் தொடுவது வேறு. கணக்கிட்டு, அளந்து, மற்றவர் சோதித்துப் பார்க்கும்படி நிறுவுவது வேறு. முன்னது காவியம், பின்னது விஞ்ஞானம். இரண்டையும் குழப்புவோர் இரண்டிற்குமே தீங்கிழைக்கிறார்கள்.

அப்படியானால் விஞ்ஞானம் காலப் பயணத்தைப் பற்றி என்ன கூறுகிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1915-இல், ஈர்ப்பு விசை மிகுந்த இடத்திலும் கடிகாரம் மெதுவாகவே ஓடும் என்பதற்கு அடிகோலினார். 1971-இல் அறிவியலறிஞர் இருவர் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து சோதித்தார்கள். நொடியின் நூறுகோடியில் சில பத்து முதல் சில நூறு பங்கு வரையிலான அளவில் வேறுபாடு தெரிந்தது. இன்று உங்கள் கைப்பேசி வழிகாட்டுகிறதே, அதற்கு உதவும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் விரைவினால் அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 7 மைக்ரோ நொடி பின்தங்கும். ஈர்ப்புக் குறைவினால் சுமார் 45 மைக்ரோ நொடி முந்தும். ஆக 38 மைக்ரோ நொடி முந்துகிறது. மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இச்சிறு வேறுபாட்டைத் திருத்தாது விட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவிற்கு வழி தவறிப்போகும். ஓசூருக்குப் போகவேண்டியவர் ஊருக்கு வெளியே எங்கோ இறங்கி நிற்பார்!

எனவே, எதிர்காலத்திற்குச் சற்று விரைந்து செல்வது இயற்கை ஒப்புக்கொண்ட செய்தியே. இறந்த காலத்திற்குத் திரும்புவதோ அவ்வாறன்று. ஒருவன் பின்சென்று, தன் பாட்டனாரின் திருமணத்தையே தடுத்துவிட்டால், அவன் பிறந்திருக்க மாட்டான். பிறவாதவன் எப்படித் தடுத்தான்? இப்புதிருக்கு இன்னும் விடை இல்லை. இங்கிலாந்தின் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 2009-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பிறகே அழைப்பிதழை வெளியிட்டார். எதிர்காலத்திலிருந்து திரும்பி வரவல்லவர் எவரேனும் இருந்தால் அழைப்பைப் படித்துவிட்டு வந்திருக்கலாம் அல்லவா? ஒருவரும் வரவில்லை. உலகத்தின் தலைசிறந்த அறிவாளர் ஒருவர் இவ்வளவு சிரிப்போடு ஒரு சோதனை செய்தார் என்றால், சிரிப்பும் விஞ்ஞானமும் பகைமை பூண்டவை அல்ல என்பது புலனாகும்.

கடிகாரம் என்றதும் நம் மாவட்டத்தின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூடித் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே மிகச்சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் எப்படி வந்தது? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கிப் பாருங்கள். பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கிறது. முள் ஓர் அடி நகர்கிறது. நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் பேருந்தேறிச் சென்று வேலை பார்க்கும் ஓசூர்த் தொழிற்பேட்டையில், காலம் இவ்வாறு எண்ணி அளக்கப்படுகிறது. உங்கள் கையிலுள்ள பொறி எதுவாயினும், கடிகாரமோ கைப்பேசியோ இன்று கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவோ, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டுப் பாருங்கள். கேட்டவன் தொழில் வல்லுநன் ஆவான். கேளாது பயன்படுத்துபவன், எத்துணைப் புதிய பொறி கிடைத்தாலும், புலிவெட்டி ஆறுமுகமாகவே இருப்பான்.

இறந்த காலத்தை மாற்ற வேண்டும் என்னும் ஏக்கத்தை மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அது பள்ளி வாயிலில் வந்து நிற்கும். ஓராண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கில் தவறிவிட்டான். மற்றவர்கள் சென்ற பிறகும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அருகில் சென்றேன். ‘ஐயா, அந்த ஒரு நாள் மட்டும் திரும்பி வந்தால் போதும்’ என்றான். அவனுக்கு ஆறுதலாக நீண்ட உரை எதுவும் நான் நிகழ்த்தவில்லை. என்னிடம் கால இயந்திரம் இல்லை. துணைத்தேர்வு விண்ணப்பப் படிவம் இருந்தது. அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அதனை நிரப்பச் சொன்னேன். பிறகு அவன் தந்தையாரையும் வரவழைத்து, கையோடு அனுப்பிவைத்தேன். அந்தத் துணைத்தேர்வில் அவன் தேறினான். மதிப்பெண் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வாராத அந்த ஒரு நாளை விட்டு, வரவிருந்த நாற்பது நாட்களின்மேல் அவன் கண் சென்றது. அதுதான் வேண்டியது. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் எவரேனும் அந்த வேப்பமரத்தடியில் நிற்பதாக உணர்ந்தால், தனியே நிற்காதீர்கள். தாயிடமோ தந்தையிடமோ ஆசிரியரிடமோ வந்து சொல்லுங்கள். கடந்த நாளைத் திருத்த எவராலும் இயலாது. வரும் நாளைத் திருத்த உடன் அமர்வோர் இருக்கிறார்கள்.

இறந்த காலத்தை மாற்றத்தான் இயலாதே தவிர, அதனைக் காண வழிகள் உண்டு. அவற்றுக்குச் செலவும் இல்லை. குளிர்கால இரவில் வானத்தைப் பாருங்கள். சிரியஸ் என்னும் மிக்க ஒளியுடைய விண்மீன் தெரியும். அதிலிருந்து இன்று உங்கள் கண்ணில் விழும் ஒளி ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது புறப்பட்ட ஒளியைக் காண்கிறான். சூரியனையே எட்டு நிமிடத்திற்கு முந்தைய சூரியனாகத்தான் நாம் காண்கிறோம்.

மண்ணைப் பாருங்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குரிய காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை ஆய்வு அதனினும் பின்னோக்கிச் செல்வதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. ஒரு கரித்துண்டை ஆய்வுக்கூடத்தில் அளந்து நாலாயிரம் ஆண்டைக் கடக்கிறார்கள்.

கல்லைப் பாருங்கள். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடையது. ஆநிரை காக்கும் பூசலில் பட்ட வீரன் ஒருவன் அதில் நிற்கிறான். அவனருகே ஒரு நாய் நிற்கிறது. தலைவன் விழுந்த பின்னும் விலகாது நின்று கள்வரைக் கடித்துக் காத்ததாம் அந்நாய். அதன் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். பேரரசர் பலரின் பெயரை நாம் மறந்துவிட்டோம்; ஒரு சிற்றூர் நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளைக் கடந்து இன்று வானொலியில் ஒலிக்கிறது. இதனைவிட வியப்பான காலப் பயணம் எந்தத் திரைப்படத்தில் உண்டு? அந்தக் கல்லைப் படிக்க வட்டெழுத்துத் தெரிய வேண்டும், அவ்வளவே.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. ஓர் அடியும் நகராமல் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டது! காலம் நம்மைச் சுமந்துகொண்டு சென்றுகொண்டே இருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுவிழாவில் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு காலப் பயண நாடகம் எழுதி நடியுங்கள். பழைய மிதிவண்டிச் சக்கரம் ஒன்றும், அட்டைப்பெட்டி நான்கும், சரிகைத் தாளும் இருந்தால் இயந்திரம் ஆயத்தம். ஆனால் மூன்று விதிகளைக் கைக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரம் எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டு, இறுதிவரையில் மீறாதிருங்கள். பொய்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். எந்தக் காலத்திற்குப் போகிறீர்களோ, அக்காலத்து உடை, உணவு, பேச்சு ஆகியவற்றை நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள். மெலியோரைப் பார்த்துச் சிரிக்கவைக்காதீர்கள். கட்டியங்காரன் கேலி செய்வது மணிமுடி சூடியவனைத்தான். இவ்விதிகளைப் பின்பற்றினால், சக்கரம் கழன்று மேடையில் உருண்டாலும் நாடகம் வெற்றி பெறும். உருண்ட சக்கரத்தைத் துரத்திக்கொண்டு ஓடுபவனே அன்றைய கதைத்தலைவனாகவும் ஆகிவிடுவான்.